பறவை வைத்தியம்

இதய நோய் வார்டில் பதினொரு பேருக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. பன்னிரண்டாம் படுக்கைக்காரருக்கு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

கூரையில் ஒலிபெருக்கிகளை மாட்டி எட்டு நாளாயிருந்தது. காலையும் மாலையும் ஒரு மணி நேரம் ஓடையின் சலசலப்பு, மூங்கிலில் காற்று, நடுவே ஒரு பறவையின் குரல். மாத்திரையால் ஆகாததை இது ஆக்கிவிடும் என்று ஒலிக் கலைஞர் சொன்னார். தலைமை மருத்துவர் தலையை ஆட்டிவிட்டார்.

கலைஞர் தினமும் வருவார். வார்டின் நடுவில் நின்று, கண்ணை மூடி, தன் ஒலியைத் தானே ரசித்துவிட்டுப் போவார்.

நோயாளிகளும் சொக்கித்தான் போனார்கள். நாள் முழுக்க மருமகளைத் திட்டிக்கொண்டிருந்த நான்காம் படுக்கை அம்மாள்கூட, பறவை வாயைத் திறந்ததும் தன் வாயை மூடிக்கொண்டார்.

பன்னிரண்டாம் படுக்கைக்காரர் ஓய்வுபெற்ற வனக்காவலர். அழுத்தம் குறையாததால் அவருடைய அறுவை சிகிச்சை இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. இன்னொரு முறை தள்ளினால் இதயம் காத்திருக்காது.

தலைமை மருத்துவருக்கு இது கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. காட்டிலேயே கிடந்த மனிதருக்கு இந்த அளவு போதாது என்று, அவர் தலைமாட்டிலேயே இன்னொரு ஒலிபெருக்கியை வைக்கச் சொன்னார்.

அன்று மாலை பறவை தொடங்கியதும் வார்டு நர்ஸ் அவர் கையில் பட்டையைச் சுற்றினாள். நூற்றுத் தொண்ணூறு. அவருடைய விரல்கள் போர்வையைப் பிசைந்துகொண்டிருந்தன.

"அது பாட்டு இல்லம்மா," என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி. "குஞ்சு இருக்கிற கூட்டுக்குப் பாம்பு ஏறினா, தாய் இப்படித்தான் கத்தும். எட்டு நாளா கத்துது. என்னால எந்திரிச்சுப் போக முடியல."

நர்ஸ் சுற்றிலும் பார்த்தாள். பதினொரு பேரும் கண்மூடிப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தட்டிலிருந்த பஞ்சை எடுத்து அவர் இரண்டு காதிலும் அடைத்தாள். தலைமாட்டுப் பெட்டியின் வயரையும் பிடுங்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் அழுத்தம் நூற்று முப்பதுக்கு வந்தது. ஐந்தாம் நாள் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

அடுத்த வாரமே கூட்டம் போட்டார்கள். பிடிவாதக்கார நோயாளியையும் பறவை வழிக்குக் கொண்டுவந்துவிட்டதாகத் தலைமை மருத்துவர் பேசினார். கலைஞர் கையில் பூங்கொத்தைக் கொடுத்தார்கள். பிரசவ வார்டிலும் அதே ஒலியைப் போடப்போவதாக அறிவித்தார்கள்.

பிரசவ வார்டு என்றதும் நர்ஸுக்கு மனம் கேட்கவில்லை. டீக் கோப்பையோடு ஓரமாக நின்ற கலைஞரிடம் போய், வனக்காவலர் சொன்னதைத் தணிந்த குரலில் சொன்னாள். பாவம், தெரியாமல் பதிவு செய்திருப்பார், கேட்டால் இடிந்துபோவார் என்று பயந்துகொண்டேதான் சொன்னாள்.

கலைஞர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சும்மா உட்கார்ந்திருக்கிற பறவை எங்க, சிஸ்டர், இப்படிக் குரல் கொடுக்கும்? மூணு நாள் காத்துக் கிடந்தேன், வாயே திறக்கல," என்றார். "கவலைப்படாதீங்க. ரப்பர் பாம்புதான்."