அரைக்கட்டை

பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது.

அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு கண் கைக்கடிகாரத்தில். இன்னொரு கண் சுழலும் இசைத்தட்டில், அதன் நடுவில் அவரே ஒட்டிவைத்த வெள்ளைக் காகிதத் துண்டில்.

நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று வர வேண்டும்.

முப்பத்தொன்றுதான் வந்தது.

கோயமுத்தூர் மில் ஒன்றில் முப்பது வருடம் நூலின் தரம் பார்த்த மனிதர். அரை இழை பிசகினாலும் பொறுக்கமாட்டார். வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஒரு நிமிடம் பிந்தினால் அவருக்குச் சோறு இறங்காது.

இந்தப் பிளேயர் பன்னிரண்டு வருடம் பரணில் கிடந்தது. பாட்டெல்லாம் செல்போனுக்குள் போன பிறகு இதை யார் தேடினார்கள்? விற்றுவிடலாம் என்றுதான் போன வாரம் இறக்கினார். விளம்பரத்துக்குப் படம் எடுக்கும் முன், ஓடுகிறதா என்று பார்க்க ஒரு தட்டைப் போட்டார்.

படம் எடுக்கவே இல்லை.

அன்றிலிருந்து தினம் ஒரு தட்டு. துணியால் துடைப்பார். முள்ளை மெல்ல இறக்குவார். போனில் பாதிப் பாட்டிலேயே அடுத்ததற்குத் தாவிக்கொண்டிருந்த விரல் இப்போது மடியில் சும்மா கிடந்தது. ஒரு பக்கம் முடிகிற வரைக்கும் எங்கேயும் போக வேண்டியதில்லை. அதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வெளியே சொல்லிக்கொள்ளத்தான் கூச்சம்.

ஒரே ஒரு குறை. எல்லாப் பாடகிகளுக்கும் சளி பிடித்திருந்தது.

"பெல்ட்டு தொய்ஞ்சு போச்சுங்க சார். தட்டு மெதுவாத்தான் சுத்தும். சுருதி அரைக்கட்டை எறங்கிரும்" என்றார் போனில் ரிப்பேர்க்காரர். புதுப் பெல்ட்டைக் கூரியரில் அனுப்புவதாகவும் சொன்னார்.

வந்தவுடன் மாற்றிவிடுவேன் என்று இவரும் வீட்டில் சொல்லி வைத்திருந்தார்.

அது வந்து பத்து நிமிடம் ஆகிறது. கீழே வாட்ச்மேனிடம் போய் அவரே வாங்கி வந்தார். சட்டைப் பையில் இருந்தது. கழற்றுவதற்கு முன் பழைய பெல்ட்டின் கணக்கை இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ளலாம் என்று மறுபடியும் எண்ண ஆரம்பித்தார்.

இருபத்து நான்கு. இருபத்து ஐந்து.

எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

மில்லில் இருந்த காலத்தில் ஒருநாளும் விட்டுப்போனதில்லை.

பாட்டில் இரண்டு குரல் கேட்டது. அது ஒருத்தி மட்டும் பாடிய பாட்டு.

திரும்பிப் பார்த்தார். சமையலறையில் அவர் மனைவி திலகவதி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது.

பாடிக்கொண்டிருந்தாள்.

ஆறு வருடத்துக்கு முன் அவளுக்குத் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, குரல் மட்டும் கொஞ்சம் கனக்கும் என்றார் டாக்டர். கனத்தது. வீட்டுக்கு வந்த புதிதில், போனில் ஓடிய பாட்டோடு சேர்ந்து பாடிப் பார்த்தாள். மேலே போகும் இடத்தில் குரல் உடைந்தது. சிரித்துவிட்டு மிக்ஸியைப் போட்டாள்.

அதற்குப் பிறகு பாடவில்லை.

அவரும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாளோ என்று பயம்.

மேடையேறிப் பாடியவள் இல்லை அவள். குழம்பு கொதிக்கும்போது பாடுவாள். துணி மடிக்கும்போது பாடுவாள். அவ்வளவுதான். அந்த அவ்வளவும் போனதில் வீடு எப்படி வெறிச்சென்று ஆகிவிட்டது என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

சரணம் வந்தது.

அடுத்த வரியில் பாட்டு மேலே போகும். அவருக்கு அது மனப்பாடம். சத்தத்தைக் கூட்டி வைத்தால் என்ன, அவள் குரல் உடைந்தாலும் அவளுக்கே தெரியாமல் போகட்டுமே என்று நினைத்தார். கை எழவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாடகி ஏறினாள்.

திலகவதியும் ஏறினாள்.

உடையவில்லை. பாட்டு அரைக்கட்டை இறங்கி வந்திருந்தது. அவள் குரலும் அங்கேதான் இருந்தது. ஓரத்தில் லேசாகக் கரகரத்தது, ஆனாலும் போய் நின்றது. நின்றதை நம்பமுடியாமல் ஒரு நொடி கூடுதலாகவே நின்றுவிட்டு இறங்கினாள்.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. காகிதத் துண்டு தன் பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி வந்தது. முப்பத்தொன்றோ முப்பதோ, எண்ணுகிற நிலையில் அவர் இல்லை.

பக்கம் முடிந்தது. முள்ளைத் தூக்கி வைத்தார்.

திலகவதி முந்தானையில் கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்தாள்.

"ஏனுங்க, பெல்ட்டு வந்துருச்சுங்களா?"

"இல்லெ. இந்த மாடலுக்கு இப்பக் கெடைக்கறதில்லையாமா."

பொய் சொல்லிப் பழகாதவர். சட்டைப் பையிலிருந்து கூரியர் உறை பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் உறையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அதும் நல்லதாப் போச்சுங்க" என்றாள்.

அவர் தட்டைத் திருப்பிப் போட்டார்.

கீரை அப்படியே கிடந்தது. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.