ஒற்றை நட்சத்திரம்

"ஏம்மா, தம்பி வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

லிஃப்ட்காரர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். லிஃப்ட் பழுது பார்ப்பவர் என்பதால் தெருவுக்கே அவர் லிஃப்ட்காரர். கேட்டது மகளை. வந்தவனோ சோபா நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடத் தயாரானவன் போல உட்கார்ந்து, கழுத்தில் சுற்றியிருந்த மப்ளரைத் தொட்டுக் காட்டினான்.

"தொண்டை கட்டிக்கிச்சுப்பா. ஒரு வார்த்தைகூட பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றாள் மகள்.

இவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் முன்பே சொல்லிவிட்டாள். அப்பா சரி என்றால்தான் என்றும் சொல்லிவிட்டாள். அந்தச் 'சரி'யைச் சொல்வதற்கு முன் நாலு வார்த்தை பேசிப் பார்க்கலாம் என்றால், இவன் தலையை ஆட்டியே குடும்பம் நடத்திவிடுவான் போலிருந்தது. என்ன வேலை என்றதற்கும் மகள்தான் பதில் சொன்னாள். ஏதோ ஸ்டுடியோவிலாம். கல்யாண ஆல்பத்துக்கு வேறு ஆள் தேட வேண்டாம் என்று மனைவிக்கு அதிலேயே பாதி திருப்தி.

பேச்சு படுத்துவிட்டால் அதை எழுப்ப அவரிடம் ஒரே வைத்தியம்தான் உண்டு. அந்த வீடியோ கேம்.

அண்ணன், தங்கை, ஊரையே விழுங்கும் வெள்ளம். விளையாடுகிறவர்தான் தங்கை, ஒவ்வொரு திருப்பத்திலும் என்ன செய்வது என்று அவரே முடிவெடுக்க வேண்டும். பிறந்த நாளுக்கு மகள் வாங்கிக் கொடுத்தது. அந்த அண்ணனை உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்பா என்று ஆசையாகச் சொல்லித்தான் கொடுத்தாள். அன்றிலிருந்து வீடு இரண்டு கட்சி.

கடைசியில் பாலம் உடையும். அண்ணன் சொல்வான்: "கையை விடு. நீ முன்னால போ. நான் பின்னாலேயே வர்றேன்." விடாவிட்டால் இரண்டு பேரையும் தண்ணீர் கொண்டுபோகும். விட்டால் தங்கை கரையேறுவாள். அண்ணன் வர மாட்டான்.

அவன் தெய்வம் என்பது மனைவியின் கட்சி. உலகமே அவள் பக்கம். விளையாடியவர்கள் கருத்து எழுதும் பக்கத்தில் ஆளாளுக்கு அழுது தீர்த்து, ஐந்து ஐந்து நட்சத்திரமாகக் கொட்டியிருந்தார்கள். நடுவே திருஷ்டிப் பொட்டு மாதிரி ஓர் ஒற்றை நட்சத்திரம்: 'வர்றேன்னு சொன்னா வரணும்.' எழுதியவர் லிஃப்ட்காரர்.

"மனுஷன் வாக்கும் லிஃப்ட் கயிறும் ஒண்ணு தம்பி. அறுந்தப்புறம் அது நல்ல கயிறுதான்னு சொல்லி என்ன பிரயோஜனம்? அந்தப் பய மட்டும் என் கையில கிடைக்கட்டும். இருட்டுல வந்தாக்கூட குரலை வெச்சே பிடிச்சிடுவேன்."

வந்தவன் மப்ளரை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டான். மகளுக்கு எங்கிருந்தோ இருமல் வந்தது.

"பொய் சொல்லாம என்ன பண்ணுவான்? நான் சாகப்போறேன், நீ போம்மான்னா அவ போவாளா?" தேநீரை வைத்தபடி மனைவி களத்தில் இறங்கினாள். "இவர் சவடாலைக் கேக்காதீங்க. ஆட்டம் முடிஞ்சாலும் டிவியை அணைக்க மாட்டார். அந்தப் பொண்ணு கரையில தண்ணியைப் பார்த்துக்கிட்டே நிக்கும். இவரும் அதோட சேர்ந்து பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பார்."

"தண்ணியை நல்லா வரைஞ்சிருக்கான். அதைப் பார்க்கிறேன்" என்றார் அவர் அவசரமாக.

பிறகு, தம்பி எந்தக் கட்சி என்று நேராகவே கேட்டார். அவன் அத்தையைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், இரண்டு கையையும் விரித்தான். கழுவுற மீனில் நழுவுற மீன் என்று லிஃப்ட்காரர் அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். சமையலறைக்குப் போய் மனைவியின் காதில், இது சரிவராது, கீழே கொண்டுபோய் வழியனுப்பிவிட்டு மகளிடம் பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

கிளம்பும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவர் தன் வீட்டுப் படியில் டார்ச் அடித்துக்கொண்டு இறங்கினார். பின்னால் மகள், அவளோடு அவன். ஜன்னல் இல்லாத படிக்கட்டு. கைகள் கோத்திருக்கின்றன என்பது திரும்பிப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது. அவரும் ஒரு காலத்தில் இருட்டில் படி இறங்கியவர்தானே.

திருப்பத்தில் யாரோ சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொருவராகத்தான் போக முடியும். சைக்கிளைக் காட்ட அவர் டார்ச்சைத் திருப்பப் போன நொடியில், பின்னால் பதற்றமாக ஒரு கிசுகிசுப்பு.

"கையை விடு. நீ முன்னால போ. நான் பின்னாலேயே வர்றேன்."

லிஃப்ட்காரரின் கால் படியிலேயே நின்றுவிட்டது. டார்ச் வெளிச்சம் மெல்லத் திரும்பி அவன் முகத்துக்கு ஏறியது. அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"அப்பா, இவர் ஸ்டுடியோவுல குரல் கொடுக்கிறவர்ப்பா" மகள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கொட்டினாள். "அந்த அண்ணன் இவர்தான். நீங்க ஒத்தை நட்சத்திரம் போட்டதுல இருந்து உங்க முன்னால வாயைத் திறக்கவே பயம். தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. சைக்கிளை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டு படி மேலேறி, அவன் கையை இறுகப் பற்றினார்.

"ஏண்டா, பின்னாலேயே வர்றேன்னு சொல்லிட்டு, வந்து சேர இவ்வளவு நாளாடா?"