முட்டைக்கோஸ் ரோஜா

கேக்குக்கு ஐசிங் பூ செய்ய அன்றுதான் பழகத் தொடங்கினாள் பெனிட்டா. தட்டில் அவள் பிழிந்த முதல் ரோஜா, முட்டைக்கோஸாக வந்து விழுந்தது.

“அண்ணே, என்னை வழிச்சிராதீங்க!” என்று அது க்ரீம் வழிக்கும் கத்தியிடம் கதறியது.

கத்திக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதை வழித்து, மறுபடி க்ரீம் பிழியும் பைக்குள் போட்டது. இப்படியே பிழிவதும் வழிப்பதுமாகப் பொழுது போனது. சாயங்காலம் ஒருவழியாக ஓர் அசல் ரோஜா மலர்ந்து, கேக்கின் நடுவில் ஏறி உட்கார்ந்தது.

அடுத்த பூ தட்டில் சப்பையாக விழுந்தது.

“ஐயே, இதெல்லாம் ஒரு பூவா? சீக்கிரம் வழிச்சுப் போடுங்கண்ணே, பார்க்கச் சகிக்கல!” என்றது ரோஜா.

சப்பைப் பூ விசும்பியது. கத்தி அதன் பக்கமாகக் குனிந்தது.

“அழாதே கண்ணு. காலையில ஒரு முட்டைக்கோஸ் உன்னைவிடச் சத்தமா அழுதுச்சு. இப்ப கேக்கு மேல உட்கார்ந்துகிட்டு அது பண்ற அலட்டலைப் பாரு!”