யார் எழுதியது?

“காசு கிடையாது சார். போன்ல இந்த லிங்கைத் தொட்டா எல்லாரும் ஒரே பலகையில எழுதலாம். எழுதுனது யாருன்னு கடவுளுக்கே தெரியாது” என்று தலைமையாசிரியர் பாண்டியராஜனிடம் அடித்துச் சொன்னாள் தமிழ்வாணி டீச்சர்.

சோதித்துப் பார்க்க அவர் ஒரு கேள்வி கொடுத்தார்: ‘நம் பள்ளியில் எதை மாற்றலாம்?’

கொட்டாம்பட்டியில் அம்மாவிடம் விட்டிருக்கும் மகளைப் பார்க்கப் போக அவளுக்குச் சனிக்கிழமை வேண்டும். அன்றுதான் பாடத்திட்டக் கூட்டம். அதை எழுதப் போனவள், எதற்கு வம்பு என்று ‘சுவருக்கு வெள்ளையடிக்கலாம்’ என்று போட்டாள்.

மற்றவர்களும் மின்விசிறி, குடிநீர் என்றே எழுதியிருந்தார்கள். ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது: ‘சனிக்கிழமைக் கூட்டம் வெட்டி வேலை. பாடங்களை இந்தப் பலகையிலேயே பிரித்துக்கொள்ளலாம்.’

எந்தப் புண்ணியவானோ என்று தமிழ்வாணிக்கு உள்ளம் குளிர்ந்தது.

“யாரு வேலை இது? இம்மானுவேல் சார், நீங்களா?” என்று கேட்டார் தலைமையாசிரியர்.

“ஐயய்யோ, கூட்டம் இல்லாட்டி எனக்குச் சனிக்கிழமையே ஓடாது சார்” என்றார் கணக்கு வாத்தியார்.

“தமிழ்வாணி டீச்சர்?”

“எனக்கும் அப்படித்தான் சார். கூட்டம் இருந்தாத்தான் ஒரு தெம்பு.”

மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

தலைமையாசிரியர் பெருமூச்சு விட்டார். “எழுதுனது நான்தான். ஒருத்தராச்சும் ஒத்துக்கிட்டா இன்னைக்கே நிறுத்திரலாம்னு பார்த்தேன். நீங்க இம்புட்டு ஆசையா இருக்கும்போது நான் எப்படி நிறுத்த?”

தமிழ்வாணி வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“இந்தச் சனிக்கிழமையும் வர முடியாதும்மா. எங்க ஹெச்.எம். விட மாட்டேங்கிறாரு.”