வலது கால்

அடிபட்ட மான் அடுத்தவர் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டால், துப்பாக்கியை வேலிக்கு வெளியே கிடத்திவிட்டுத்தான் அனுமதி கேட்க வேண்டும். ஒச்சப்பனும் கிடத்தினான். அதற்கு முன்பே, வேலியோரக் கல்லில் ரத்தத்தோடு சொட்டியிருந்த பாலை வெறுங்காலால் தேய்த்து அழித்திருந்தான்.

தோட்டக்காரி மொக்கத்தாய் இடுப்பில் பிள்ளையோடு வந்து படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கிடாவாண்ணே, பொட்டையா? குட்டி போட்டதுன்னா உள்ள விடமாட்டேன்."

"கிடாதான் தாயி. கொம்பப் பாத்துத்தான் சுட்டேன்."

"நீ சொன்னாச் சரி" என்று திறந்துவிட்டாள்.

அவன் உள்ளே நுழையும்போது பின்னால் சருகு சரசரத்தது. ரத்தத்தை முகர்ந்தபடியே வந்த குட்டி ஒன்று, கிடத்தியிருந்த துப்பாக்கியைத் தாண்டி அவனருகே வந்து நின்றது. பிறகு தலையைத் தாழ்த்தி, கல்லைத் தேய்த்த அந்த வலது காலை நக்கத் தொடங்கியது.

மொக்கத்தாய் படலைச் சாத்தாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.