கழுத்து

“அந்த ஸ்பேனரைக் கீழே வைங்கண்ணே!”

வெட்டு இயந்திரத்துக்கு முன்னால் நின்று மேனேஜரம்மா போட்ட சத்தத்தில், அட்டைப்பெட்டித் தொழிற்சாலையே ஒரு கணம் கையை நிறுத்தியது.

ஸ்பேனரோடு நின்றவர் அச்சாணி. அது பட்டப்பெயர். பெட்டியின் அளவு மாறும்போதெல்லாம் இயந்திரத்தில் ஒரு அச்சைக் கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டும். இம்மி பிசகினாலும் அட்டை கோணலாக வெட்டுப்படும். அந்த வித்தை அங்கே அவர் ஒருவருக்குத்தான் கைவந்திருந்தது.

“வெச்சுட்டு என்ன செய்யணும்?”

“அந்த நாற்காலியில உட்காருங்க. இனிமே அச்சை இவங்க ரெண்டு பேரும் மாட்டுவாங்க.”

அவள் கைகாட்டிய இருவரும் விழித்தார்கள். ஒருவர் தடித்த கண்ணாடி போட்ட சோடாபுட்டி. இன்னொருத்தி பசை ஒட்டும் மேஜையின் வாயாடி.

“இவனா? வீட்டுக் கதவுக்கே தாழ்ப்பாள் போடத் தெரியாதவன்மா இவன்! இந்தம்மா வாயைத் தவிர வேற எந்த மிஷினையும் ஓட்டினதில்ல!” என்று அச்சாணி எகிறினார். “என் கையைக் கட்டிப்போடறதுக்குப் பதிலா என்னை வெளியே அனுப்பிடுங்களேன்!”

மேனேஜரம்மா அசைந்து கொடுக்கவில்லை. அவளுக்கு வேறு வழியில்லை. பிஸ்கட் கம்பெனிக்குப் போக வேண்டிய பெட்டிகள் ஒவ்வொரு முறையும் தாமதமாகின. இன்னொரு தடவை லாரி நேரம் தவறினால் ஆர்டர் போய்விடும். போனால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாரையும் கூட்டி ஒரு தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டியிருந்தாள். “பாட்டில் எவ்வளவு பெருசா இருந்தாலும், கழுத்து விடுற அளவுக்குத்தான் தண்ணி வரும். நம்ம வேலையும் எங்கேயோ அப்படி அடைபடுது. அந்தக் கழுத்தைக் கண்டுபிடிக்கணும்.”

“யார் கழுத்துக்கோ கத்தி வருது!” என்று வாயாடி முணுமுணுக்க, கூட்டம் சிரித்தது. அச்சாணி மட்டும் இயந்திரத்தில் சாய்ந்தபடி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையிலேயே அவளுக்கு ஒரு போன் வந்தது. பெயர் சொல்லாத ஒரு பெண் குரல்.

“கழுத்து கழுத்துன்னு தேடறீங்களே, அது அச்சாணிதான். அவரு வந்து கை வைக்கிறவரைக்கும் எல்லா அட்டையும் காத்துக் கிடக்குது. கொஞ்சம் நின்னு பாருங்க.”

நின்று பார்த்தாள். உண்மைதான். அங்கே யாரும் சோம்பேறி இல்லை. அச்சாணி எல்லாரையும்விட மாடாய் உழைத்தார். ஆனாலும் அவர் ஒருவர் கைக்காக மூன்று இயந்திரங்கள் சும்மா நின்றன. போன் செய்தது வாயாடியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு ஒரு சந்தேகம். ஆனால் யாரிடமும் அதைப்பற்றி மூச்சுவிடவில்லை.

அச்சு மாட்ட வேறு ஆட்களைப் பழக்கப்போவதாக அவள் சொன்னதும் முதலாளி பயந்தார். “அவர் கைராசிக்காரர்மா. விளையாடாதே.”

“அவருக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தா என்ன செய்வீங்க, சார்?”

முதலாளி அரைமனதாகத் தலையாட்டினார்.

புது ஆட்கள் அச்சு மாட்டிய முதல் வாரம் நரகம். சோடாபுட்டி மாட்டிய அச்சில் பெட்டிகள் கோணலாய் வந்து விழுந்தன. நாற்காலியில் உட்கார்ந்து அச்சாணி வறுத்தெடுத்தார்.

“ஏன்யா, இடது பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குதே, உன் மூக்குக் கண்ணாடி மாதிரி!”

சோடாபுட்டி பல்லைக் கடித்துக்கொண்டு இடது பக்கத்தைத் தாழ்த்தினார். சரியாக உட்கார்ந்தது.

“முதல் போல்ட்டையே கழுத்தை நெரிக்கிற மாதிரி முறுக்கினா மத்ததெல்லாம் எங்கம்மா உட்காரும்? உன் மாமியார்னு நினைச்சியா?”

“உங்க முன்னால இதை ஓட்டிக் காட்டலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்!” என்று வாயாடி வரிந்து கட்டிக்கொண்டு நாலு போல்ட்டையும் லேசாகப் பொருத்தி, பிறகு முறுக்கினாள். அதுவும் உட்கார்ந்தது.

அவர் திட்டத் திட்ட அவர்களுக்கு வெறி ஏறியது. சாப்பாட்டு நேரத்தில்கூடக் கழற்றி மாட்டிப் பழகினார்கள்.

அந்த மாதக் கடைசியில் பிஸ்கட் கம்பெனி லாரி சொன்ன நேரத்துக்கு வாசலைத் தாண்டியது. வாயாடி விசிலே அடித்துவிட்டாள்.

கைதட்டல் அடங்கியதும் அச்சாணி மேனேஜரம்மாவின் அறைக்குள் வந்து நின்றார். வேலையை விட்டுவிடப் போகிறார் என்றே அவள் நினைத்தாள்.

“அண்ணே, உங்களை அவமானப்படுத்தணும்னு நான்…”

“ஒரு மாசம் லீவு வேணும்மா.”

“கோபமா?”

“பொண்ணுக்குப் பிரசவம். அவ பொறந்தப்பவும் நான் இந்த அச்சுகிட்டதான் நின்னேன். அவ கல்யாணத்துல பந்தி நடக்கிறப்பவே இங்கிருந்து ஆள் வந்து கூட்டிக்கிட்டுப் போச்சு. லீவு கேட்டா, ‘நீ இல்லாம மிஷின் ஓடுமா’ன்னு முதலாளி தோளைத் தட்டுவாரு. நானும் குளிர்ந்து போயிடுவேன்.”

“தாராளமா போயிட்டு வாங்கண்ணே. இங்கே எதுவும் நிக்காது.”

கதவு வரை போனவர் திரும்பினார்.

“அந்த போனை நம்பினதுக்கு ரொம்ப நன்றிம்மா.”

அவள் திடுக்கிட்டாள். “எந்த போன்? அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பேசினது என் வீட்டுக்காரி,” என்றார் அச்சாணி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. “என்ன பேசணும்னு பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுத்தது நான்.”