ஓரத்தில் பென்சில் எழுத்து

தன் நாவலில் யாரோ பென்சிலால் கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் சுப்புலக்ஷ்மிக்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்பப்பா!

கையால் எழுதி, மேற்கு மாம்பலத்தில் நாகராஜின் டிடிபி கடையில் டைப் அடிக்கக் கொடுப்பது அவள் வழக்கம். வாரம் ஒரு அத்தியாயம். திரும்பி வந்த கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் பொடிப் பொடியாக இப்படி இருந்தது:

'மிகவும் பயந்தாள் என்று எழுத வேண்டாம். பயந்தவளின் கை என்ன செய்தது? அதை எழுதவும்.'

"அடிக்கக் கொடுத்தா அடிக்கணும். எனக்குப் பாடம் எடுக்க இவா யாரு?" என்று மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் குதித்தாள்.

கணவர் சுப்பராமன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சொன்னது சரியா இருக்கான்னு பாரேன்."

பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

அடுத்த வாரம்: 'முதல் மூன்று பக்கமும் மழை. நாலாம் பக்கத்தில்தான் ஆள் வருகிறாள். ஆளோடு ஆரம்பிக்கவும்.'

திட்டிக்கொண்டே மூன்று பக்கத்தையும் கிழித்தாள். கதை எழுந்து நடக்க ஆரம்பித்தது.

கதை வேறொன்றுமில்லை, சென்னையை மூழ்கடித்த அந்த டிசம்பர் வெள்ளம்தான். சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் செவந்தி என்று ஒருத்தி. தண்ணீர் கழுத்துக்கு ஏறியதும் பெற்ற மகளின் கையை விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பித்தவள். முழுக்கக் கற்பனையும் இல்லை. நிவாரண முகாமில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் போனபோது, தூரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒருத்தியைக் காட்டி யாரோ சொன்னது. 'சீ, இவளும் ஒரு தாயா!' என்று அன்றைக்கே சுப்புலக்ஷ்மிக்கு வயிறு எரிந்தது.

ஐம்பத்திரண்டு வயசில் முதல் நாவல். போட்டிக்கு அனுப்ப நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இதில் தோற்றால் இனிமேல் பேனாவைத் தொடுவதில்லை என்று சுவாமி முன்னால் சொல்லியிருந்தாள்.

ஏழாம் அத்தியாயத்திலிருந்து விஷயம் வேறு மாதிரி ஆனது.

'தண்ணீர் முதலில் வாசல் வழியாக வரவில்லை. அடுப்படித் தரையிலிருந்து ஊறியது.'

எட்டாவதில்: 'குழந்தை அலறவில்லை. ஒரு சத்தமும் இல்லை.'

ஒன்பதாவதில்: 'கொலுசு இடது காலில் மட்டும்.'

சுப்புலக்ஷ்மி கொலுசைப் பற்றி எழுதவே இல்லை! காகிதம் வேறு நனைந்து சில்லென்று இருந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"ஏன்னா, இதைப் பாருங்கோ. தண்ணியோட போன குழந்தைக்குத்தானே இதெல்லாம் தெரியும்?"

"ஆவி வந்து உன் நாவலைத் திருத்தறதா? தேவலையே, நானே நாலு பக்கம் தாண்டலை" என்றார் சுப்பராமன். ஆனால் அவரும் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கவில்லை.

நாகராஜுக்கு போன் போட்டாள்.

"பென்சிலா? நம்ம கடையில பென்சிலே இல்லியேம்மா!"

அதன் பிறகு அவள் தனியாக எழுதவே பயந்தாள். சுப்பராமனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் கடைசி அத்தியாயத்தை முடித்தாள். ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்ட செவந்தி, மறு கையிலிருந்த மகளை விட்டுவிடுகிறாள். அவ்வளவுதான், முற்றும்.

சனிக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்து, கட்டைப் பிரித்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு.

'கையை விட்டதற்குக் காரணம் போதவில்லை. காரணம் இல்லாமல் யாரும் கெட்டவர் ஆவதில்லை. படிக்கிறவர் நம்பமாட்டார்.'

"நாகராஜ்! இதை யாரு அடிச்சா? இப்பவே எனக்குத் தெரிஞ்சாகணும்."

"நம்ம தேவானை அக்காதாம்மா. பெரும்பாக்கத்துல வூடு. வூட்லயே அடிச்சி எடுத்துனு வருவாங்க. தோ, உள்ள கீறாங்க. எக்கா!"

கண்ணாடி போட்ட, நாற்பது வயசுக்காரி ஒருத்தி வெளியே வந்தாள். சுப்புலக்ஷ்மியின் கையில் விரித்திருந்த பக்கத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிக்கோங்கம்மா. இருபது வருசமா மத்தவங்க கதைய அடிக்கிறேன். எது நிக்கும், எது வுழும்னு வெரலுக்கே தெரிஞ்சிடுது. பேப்பரு நனைஞ்சிடுச்சா? மேல் வூட்டு பாத்ரூம் எங்க சீலிங்ல ஒழுவுதும்மா."

அட ராமா! சுப்புலக்ஷ்மிக்கு உயிர் திரும்பி வந்தது. சிரிப்பே வந்துவிட்டது.

"அது சரி, கொலுசு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"நானும் சைதாப்பேட்ட கரைதாம்மா. வெள்ளத்துக்கு அப்பாலதான் எங்கள பெரும்பாக்கத்துல கொண்டுபோய் வுட்டாங்க."

"அப்போ அந்தப் பொம்மனாட்டியைத் தெரியுமா?"

"தெரியும்மா."

சுப்புலக்ஷ்மி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டாள். "நல்லதாப் போச்சு. காரணம் போறலைன்னு எழுதியிருக்கேளே, பெத்ததை விடறதுக்கு வேற என்ன காரணம் இருக்கும்? தான் பிழைச்சாப் போறும்னு விட்டா. அதானே?"

தேவானை டைப் அடித்த பக்கங்களைச் சரியாக அடுக்கி அவள் முன்னால் வைத்தாள். அந்த அத்தியாயத்தில் சுப்புலக்ஷ்மி பதினோரு இடத்தில் 'கொலைகாரி' என்று எழுதியிருந்தாள். பதினொன்றும் அப்படியே, ஒரு எழுத்து மாறாமல் டைப் ஆகியிருந்தது.

"எல்லாம் சரிதாம்மா. அந்தக் கையில ரெண்டு குழந்தைங்க இருந்தத மட்டும் எழுதாம வுட்டுட்டீங்க. இன்னொண்ணு பக்கத்து வூட்டுது; அதோட அம்மா என்னை நம்பி வுட்டுட்டு வேலைக்குப் போயிருந்தா."